கேட்ட பின் தீர்ப்பு: மாயூரம் முன்சீப் சொன்ன வழி

தமிழின் முதல் நாவலை எழுதியவர் யாரென்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையும் தயங்காமல் மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்று சொல்லிவிடும். அவர் பார்த்த உத்தியோகம் என்னவென்று கேட்டால் முன்சீப் என்றும் சொல்லும். ஆனால் அந்தச் சொல்லைப் பற்றி நின்று யோசிப்பவர் குறைவு. முன்சீப் என்பது அரபியிலிருந்து பாரசீகத்தின் வழியாக இந்திய நீதிமன்றங்களுக்கு வந்த சொல். நிஸ்பு ஷஃபான் இரவை அறிந்த எமது பகுதி மக்களுக்கு ‘நிஸ்பு’ என்றால் பாதி என்று தெரியும். அந்த வேரிலிருந்து பிறந்ததுதான் முன்சீப். இரு பக்கத்துக்கும் சரிபாதி கொடுப்பவன் என்பது அதன் அடிப்படைப் பொருள். ஓர் அரபுச் சொல்லைப் பதவிப் பெயராகச் சுமந்துகொண்டு, ஆங்கிலேயரின் சட்டத்தைக் கொண்டு, தமிழ் விவசாயிகளின் வரப்புத் தகராறுகளைத் தீர்த்த கத்தோலிக்கக் கிறிஸ்தவர் அவர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அவருடைய நாவலைப் பற்றி மாத்திரமல்ல. பிறரைத் தீர்ப்பிடாதே என்று போதிக்கும் ஒரு சமயத்தைச் சேர்ந்த மனிதர், தீர்ப்பிடுவதையே பிழைப்பாகக் கொண்டு எப்படி வாழ்ந்தார் என்பதே என்னுடைய கேள்வி.

முதலில் அந்தப் போதனையைச் சற்றுக் கிட்ட நின்று பார்ப்போம். மத்தேயு சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரம் மலைப்பிரசங்கத்தின் கடைசிப் பகுதி. பிறரைத் தீர்ப்பிட வேண்டாம் என்றும், அடுத்தவன் கண்ணில் விழுந்த துரும்பை எடுக்க முன்னர் உன் கண்ணில் கிடக்கும் மரக்கட்டையை எடு என்றும் இயேசுநாதர் அங்கே போதிக்கிறார். இதை மட்டும் வாசிக்கும் ஒருவர், அப்படியானால் நீதிமன்றம் எதற்கு, நடுவர் எதற்கு என்று கேட்கலாம். நம் நாட்டிலும் கேட்கிறார்கள். கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்!

இதற்கு விடை யோவான் சுவிசேஷத்தில் இருக்கிறது. அதுவும் ஏழாம் அதிகாரமே. ஓய்வு நாளில் நோயாளி ஒருவரைக் குணப்படுத்தியதற்காக இயேசுநாதர் மீது குற்றம் சாட்டியவர்களிடம், வெளித்தோற்றத்தைப் பார்த்துத் தீர்ப்பிடாமல் நேர்மையான தீர்ப்பைச் சொல்லுங்கள் என்கிறார். ஆகவே தீர்ப்பே கூடாது என்பதல்ல போதனை. எப்படித் தீர்ப்பது என்பதே அதன் உள்ளீடு. அதே அதிகாரத்தின் முடிவில், பலர் கண்டும் காணாமல் போகும் ஒரு காட்சி வருகிறது. பெரியவர்கள் கூடியிருந்து, சபையில் இல்லாத அந்த மனிதரைக் குற்றவாளி என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்பொழுது அவர்களுள் ஒருவரான நிக்கொதேமு எழுந்து, ஒருவனை விசாரித்துக் கேட்க முன்னர் நம்முடைய சட்டம் அவனைத் தண்டிக்குமா என்று கேட்கிறார். சபையோர் அவரைப் பரிகசிக்கிறார்கள். அவ்வளவுதான். ஆனால் நேர்மையான தீர்ப்பு என்றால் என்ன என்பதற்கு அந்த அதிகாரத்திலேயே கிடைக்கும் விளக்கம் அந்த ஒற்றைக் கேள்விதான்.

பழைய புரட்டஸ்தாந்து தமிழ் மொழிபெயர்ப்பாளர் மத்தேயுவின் வசனத்தைத் தமிழாக்கியபோது, தீர்ப்பு என்ற பொதுச்சொல்லோடு நிறுத்திவிடாமல், பிறரைக் குற்றவாளிகள் என்று முடிவுகட்டுவதையே விலக்கும்படியான சொற்களைத் தேர்ந்துகொண்டார்கள். ஆங்கிலத்தில் இல்லாத ஒரு தெளிவு தமிழில் வந்து சேர்ந்தது என்பேன். மொழிபெயர்ப்பு என்பது சில வேளைகளில் மூலத்துக்கே விளக்கு ஏற்றிவிடும்.

இஸ்லாமிய மரபில் இதற்கு மிகவும் நெருங்கிய ஒரு செய்தி உண்டு. அலி (ரலி) அவர்களை இளம் வயதில் யமன் நாட்டுக்கு நீதி வழங்க அனுப்பியபோது, முதலாமவரின் பேச்சைக் கேட்டதைப் போலவே இரண்டாமவரின் பேச்சையும் கேட்கும் வரை தீர்ப்புச் சொல்லாதீர் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள் என்பது ஹதீஸ் கிரந்தங்களில் பதிவானது. வள்ளுவரோ நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமே வைத்தார். புறங்கூறாமையைப் பேசிய இடத்திலும், அயலார் குற்றத்தைக் காண்பதுபோல் தன் குற்றத்தையும் காணச் சொன்னார். கல்முனையில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இந்த மூன்றும் ஒரே காதில் விழுவது புதினமல்ல. காரைதீவில் 1892இல் பிறந்த சைவப் பிள்ளையான மயில்வாகனன், முஸ்லிம்கள் நிறைந்த கல்முனையில், மெதடிஸ்த மிஷனரிமாரின் பள்ளிக்கூடத்தில் படித்தே பின்னர் சுவாமி விபுலாநந்தர் ஆனார். இப்படித்தான் எமது கரையின் கல்வி இருந்திருக்கிறது.

இனி முன்சீப்பிடம் வருவோம். வேதநாயகம் பிள்ளை 1826இல் திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள குளத்தூரில் பிறந்தார். நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, பின் மொழிபெயர்ப்பாளராகி, 1850களின் பிற்பகுதியில் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். இவ்வரிசையை நேயர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நீதிபதியாக அமர முன்னர் அவர் மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலத் துரைக்கும் தமிழ் வழக்காளிக்கும் இடையில் நின்று, அவன் சொன்னதை இவருக்கும் இவர் சொன்னதை அவனுக்கும் எடுத்துச் சொன்னவர். அந்த இடத்தில் நின்றவனுக்குத்தான் தெரியும், வழியில் எத்தனை வார்த்தைகள் சிந்திப்போகின்றன என்பது.

தரங்கம்பாடியும் சாதாரண ஊரல்ல. டேனிஷ்காரரிடமிருந்து 1845இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய துறைமுகம் அது. சீகன்பால்கு ஐயர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது அங்கேதான். யேசுநாதரின் போதனை தமிழெழுத்தில் அச்சேறிய ஊரில், நூற்றைம்பது ஆண்டுகள் நிறைவதற்குள், ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் நீதிபதியின் நாற்காலியில் இருந்தார். பின்னர் சீர்காழியிலும், நீண்ட காலம் மாயூரத்திலும் பணியாற்றினார். மாயூரத்தில் பதின்மூன்று ஆண்டுகள். அந்த ஊரே அவர் பெயரோடு சேர்ந்துகொண்டது.

1859இல் அவர் ‘நீதிநூல்’ வெளியிட்டார். செய்யுள் நூல். அதிலே இலஞ்சம் வாங்கும் நீதிபதிகளையும் உத்தியோகத்தரையும் அவர் சாடுகிற சாடல் சாதாரணமானதல்ல. உத்தியோகத்தில் இருந்துகொண்டே தன் உத்தியோக சாதியைப் பார்த்து இப்படி எழுதியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்? ஓய்வூதியம் கைக்கு வந்த பின்னர் நினைவுக் குறிப்பு எழுதித் தூய்மை காட்டுவோரையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். முப்பத்துமூன்று வயதிலேயே தன் கண்ணில் கிடக்கும் கட்டையைத் தேடியவர் பிள்ளையவர்கள்.

ஆயினும் என் எண்ணத்தில் அவருடைய பெரிய கைங்கரியம் நீதிநூலும் அன்று, நாவலும் அன்று. அதிகம் பேசப்படாத ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற நூலே அது. சென்னையிலிருந்த மேல் நீதிமன்றமாகிய சதர் அதாலத்தின் தீர்ப்புக்கள் யாவும் ஆங்கிலத்தில் கிடந்தன. 1805 தொடக்கம் 1861 வரையான அத்தீர்ப்புக்களைச் சுருக்கித் தமிழில் பெயர்த்து, 1862இல் அவர் நூலாக்கினார். அடுத்து வந்த ஆண்டுகளின் தீர்ப்புக்களையும் தமிழாக்கினார். இதன் காத்திரத்தை நாம் உணர வேண்டும். ஐம்பத்தாறு ஆண்டுகளாக ஒரு தேசத்து மக்களின் காணி, சொத்து, கடன், தத்து, வாரிசுரிமை எல்லாவற்றையும் கட்டுப்படுத்திய முடிவுகள், அம்மக்களால் வாசிக்க முடியாத மொழியில் பூட்டிக் கிடந்தன. பூட்டைத் திறக்கும்படி யாரும் அவருக்குக் கட்டளையிடவில்லை. ஒரு முன்சீப் அமைதியாக எட்டு வழக்கைத் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவரோ இராவிருந்து மொழிபெயர்த்தார்.

ஏன் செய்தார்? இங்கேதான் நிக்கொதேமுவின் கேள்வி வந்து நிற்கிறது. கேளாமல் தீர்க்கலாகாது என்றால், கேட்பதற்கு மொழி வேண்டும். வழக்காளி பேசுவது நீதிபதிக்கு விளங்க வேண்டும். நீதிபதி சொல்வது வழக்காளிக்கு விளங்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அங்கே நடந்தது விசாரணை அன்று. இதை ஒரு கோட்பாடாக அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. செய்து காட்டினார், பிறகு கதையாகச் சொன்னார்.

அந்தக் கதைதான் 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. அதன் கதாநாயகன் பிரதாபன் என்று பெயர், ஆனால் உண்மையான நாயகம் அவன் மனைவி ஞானாம்பாளே. பிரதாபன் விக்கிரமபுரி என்ற ஊரில் அகப்படுகிறான். அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுத்து, தைத்துத் தந்தால் உன்னைச் சந்தோஷப்படுத்துவேன் என்று தொழிலாளியிடம் வாய்தவறிச் சொல்லிவிடுகிறான். வேலை முடிந்தது. எவ்வளவு காசு கொடுத்தாலும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை என்கிறான் அவன். வழக்கு நீதிமன்றம் போகிறது. வார்த்தையை எழுத்துப் பிசகாமல் பிடித்துக்கொள்ளும் அவ்வூர் நீதி, பிரதாபனைச் சிறையில் தள்ளுகிறது. கணவனைத் தேடி ஆண் வேடத்தில் வந்த ஞானாம்பாளுக்கு அவ்வூர்ப் பட்டத்து யானை மாலை சூட்ட, அவளே அரசனாகிறாள். வழக்கை மீண்டும் அழைத்து, தொழிலாளியிடம் ஒன்றே ஒன்று கேட்கிறாள்: புதிய அரசன் வந்தது உனக்குச் சந்தோஷம்தானா? சபையின் நடுவே அவனால் இல்லையென்று சொல்ல முடியுமா? சந்தோஷம் என்கிறான். அப்படியானால் உனக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது என்று பிரதாபனை விடுவிக்கிறாள்.

சிரிக்கத்தக்க கதைதான். மரியாதைராமன் கதைகளின் உறவும் தெரிகிறது. ஆனால் பதின்மூன்று வருடம் ஒரே ஊரில் நீதிமன்றத்தில் உட்கார்ந்த ஒருவர் இதை எழுதியிருக்கிறார் என்பதை நினைத்தால் சிரிப்பு அடங்கிவிடும். சொல்லின் தோலைப் பிடித்துக்கொண்டு ஆளைச் சிறைக்கு அனுப்பும் நீதியை அவர் தினமும் பார்த்தவர். யோவான் சுவிசேஷம் சொல்லும் வெளித்தோற்றத் தீர்ப்பு அதுவே. அதே நாவலின் பிற்பகுதியில், தமிழ் வழக்காளியின் வழக்கைத் தமிழ் வக்கீல் தமிழ் நீதிபதியின் முன் ஆங்கிலத்தில் வாதிடுவது என்ன கூத்து என்று அவர் பாத்திரங்களின் வாயால் கேட்கிறார். நாவல் என்ற உருவம் அவர் கைக்கு வந்ததே இவ்வாதத்தை வைக்கத்தானோ என்றுகூட நான் எண்ணுவதுண்டு. விமர்சகர்கள் நாவலில் போதனை அதிகம் என்பர். இருக்கட்டும். அந்தப் போதனைக்குப் பின்னால் ஒரு நீதிமன்ற வராந்தா இருக்கிறது.

ஈண்டு இன்னொன்றையும் குறிப்பிட்டாக வேண்டும். ஆறே ஆண்டுகள் கழித்து, 1885இல், ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று பலரும் கொள்ளும் ‘அசன்பே சரித்திரம்’ வெளிவந்தது. அதை எழுதிய கண்டி அறிஞர் சித்திலெப்பையும் சட்டத்துறையைச் சேர்ந்தவர், அக்காலத்துச் சொல்லில் பிரக்கிராசி. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியவரும் அவரே. கடலின் இரு கரையிலும் தமிழ் நாவலின் கதவைத் திறந்தவர்கள், ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் முஸ்லிம், இருவரும் வழக்கு மன்றத்துக்காரர்கள். மனிதர்களின் கதையை நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருந்த காதுகள்தானே கதை எழுதும்!

வேதநாயகம் பிள்ளையின் வாழ்வும் அவர் எழுத்தும் வேறு வேறாக இருக்கவில்லை. 1872இல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் மாயூரத்தில் கஞ்சித்தொட்டி வைத்து, கைப்பொருளைக் கொட்டினார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடியது அதற்காகவே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரும் அவருடைய நெருங்கிய நண்பர்கள். கத்தோலிக்கராய் இருந்துகொண்டே 1878இல் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ தந்தார். எந்தச் சமயத்தவரும் தயக்கமின்றிப் பாடத்தக்க பாடல்கள் அவை. 1889இல் காலமானார்.

இவற்றையெல்லாம் கல்முனைக் கரையிலிருந்து நான் ஏன் சொல்கிறேன் என்று நேயர்கள் கேட்கலாம். கேட்க வேண்டும்.

மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நீளும் எமது ஊர்களில் பள்ளிவாசல் மரைக்காயர்மார் குடிக்கு ஒருவராக இருந்து பிணக்குகளைத் தீர்த்து வந்த மரபு பழையது. அங்கே மொழிச் சிக்கல் கிடையாது. வழக்காளி பேசுவதும் மரைக்காயர் பேசுவதும் ஒரே மட்டக்களப்புத் தமிழ். கேட்பது சுலபம். ஆனால் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம் என்பதால், வாசலில் வரும்போதே ஆளின் குடியையும் வாப்பாவின் பெயரையும் வைத்து முடிவு எழுதப்பட்டுவிடும் ஆபத்தும் உண்டு. அதுவும் தோற்றத்தைக் கண்டு தீர்ப்பதே.

மரக்கட்டை விஷயத்துக்கு வந்தால் எமது கண்ணையும் பார்க்கத்தான் வேண்டும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதி நீதவானாக ஆண்களையே நியமிக்கச் சொல்கிறது. தலாக்கையும் தாபரிப்பையும் பற்றி ஒரு பெண் தன் வீட்டு அந்தரங்கத்தை அங்கே ஆண்கள் மத்தியில் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவளுடைய பேச்சு முழுமையாகக் கேட்கப்பட்டதா என்ற முறைப்பாட்டை முஸ்லிம் பெண்களே பல்லாண்டுகளாக முன்வைத்து வருகிறார்கள். சீர்திருத்தத்தை ஆராய நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் அமைக்கப்பட்ட குழு தன் அறிக்கையைக் கொடுத்தது 2018இல். ஒன்பது ஆண்டுகள்! 1879இலேயே ஒரு பெண்ணை நீதி ஆசனத்தில் ஏற்ற வேதநாயகம் பிள்ளைக்கு அவளுக்கு ஆண் வேடம் போட வேண்டியிருந்தது. வேடத்தைக் களைவதில் நாம் காட்டும் வேகம் இது.

நாட்டின் நீதிமன்றங்களுக்கு வருவோம். ஆங்கிலம் ஆண்ட காலத்தில் அப்புக்காத்துமாரின் வாதம் வழக்காளிக்கு வேடிக்கை பார்க்கும் காரியமாக இருந்தது. 1961ஆம் ஆண்டின் நீதிமன்ற மொழிச் சட்டம் ஆங்கிலத்தின் இடத்தில் சிங்களத்தை வைக்க வழி செய்தது. எமக்கு ஒரு பூட்டுப் போய் இன்னொரு பூட்டு வந்தது. தமிழும் நாடு முழுவதும் நீதிமன்ற மொழி என்ற ஏற்பாடு 1988இல், அரசியலமைப்பின் 16ஆவது திருத்தத்தோடுதான் வந்தது. வேதநாயகம் பிள்ளையின் சித்தாந்த சங்கிரகம் வெளிவந்து 126 ஆண்டுகளின் பின்.

ஏட்டில் வந்தது எல்லா இடத்திலும் வந்ததா? 1993இல் மட்டக்களப்புப் பகுதியில் கைதான ஒரு தமிழ் இளைஞரின் வழக்கு சட்ட மாணவர் யாவரும் அறிந்தது. அவருக்குத் தெரிந்தது தமிழ் மாத்திரமே. குற்ற ஒப்புதல் வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. அவர் அதில் பெருவிரலைப் பதித்தார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அந்த ஒப்புதலே முக்கிய சான்றாகி, 1995இல் ஐம்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்து ஆண்டுகளாகக் குறைந்தது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று முடிவு செய்தது. 2006இல் எமது உயர் நீதிமன்றம் தண்டனையை மீளாய்வு செய்ய மறுத்தது. விக்கிரமபுரி நீதி கதையில் மட்டும் இருப்பதல்ல.

ஒரு மனிதனைக் கேளாமல் தீர்ப்பது இப்படி. ஒரு சமூகத்தையே கேளாமல் தீர்ப்பது இன்னும் சுலபம். 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்ட பின்னர், தமிழர் எல்லாரும் அப்படித்தான் என்று பேசியவர்கள் எம்மிடையே இருந்தார்கள். அதே மாதம் 12ஆந் திகதி வீரமுனையில் தஞ்சமடைந்திருந்த தமிழர் கொல்லப்பட்டபோது, முஸ்லிம்கள் எல்லாரும் அப்படித்தான் என்று மறுபக்கமும் பேசியது. இரு பக்கமும் வேதம் ஓதிக்கொண்டே பேசின.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் சிறுவர்களும் மாண்டார்கள். ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26 இரவு, சாய்ந்தமருதில் ஒரு வீடு வெடித்தது. அவ்வீட்டில் புதிதாக வந்து தங்கியவர்களைப் பற்றிச் சந்தேகித்துப் பொலிஸாருக்கு அறிவித்தவர்கள் அப்பகுதி முஸ்லிம் மக்களே. அச்செய்தி ஒரு நாள் பத்திரிகையில் வந்து மறைந்தது. மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. குண்டுகளுக்குப் பலியானோரில் மிகுதியானவர் கத்தோலிக்கரே. ஆயினும் முஸ்லிம்கள் மீது கை வைக்க வேண்டாம் என்று பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டவர் கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினால் மல்கம் ரஞ்சித். காயம் ஆறாத நிலையில் அதைச் சொல்வது எளிதன்று. மலைப்பிரசங்கத்தை மேடையில் விளக்குவதை விட அது கடினம்.

அதன் பின்னர் வந்த வழக்கொன்று இலக்கியம் பேசும் நமக்கு மிகவும் நெருக்கமானது. மன்னார் சிலாவத்துறையைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர் 2017இல் ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுதியைத் தமிழில் வெளியிட்டார். 2020 மே 16இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவர் கைது செய்யப்பட்டார். கவிதைகள் மாணவரைத் தீவிரவாதத்தின் பக்கம் இழுக்கின்றன என்பது குற்றச்சாட்டு. நூலைத் தமிழிலேயே வாசித்தவர்கள் அதிலே கண்டது வன்முறையைக் கண்டிக்கும் வரிகளை. ஆனால் வாசித்தவர்களின் சொல் நெடுங்காலம் செல்லவில்லை. முன்பு ஒருவர் தன்னால் வாசிக்க முடியாத தாளில் விரல் பதித்துச் சிறை போனார். இவரோ தான் எழுதிய தாள் சரியாக வாசிக்கப்படாமல் சிறை போனார். பத்தொன்பது மாதங்களின் பின், 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. வழக்கு மேலும் இரண்டு ஆண்டு நடந்தது. 2023 டிசம்பர் 12ஆந் திகதி புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கைதான நாளிலிருந்து எண்ணினால் மூன்று ஆண்டும் ஏழு மாதமும்.